முதலில் எண், அப்புறம் திரை: தென்னாப்பிரிக்காவில் மின்னணு மருத்துவப் பதிவேடு

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அரசு கிளினிக்குக்குப் போய்வரும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார், அங்கே வரிசை இரண்டு என்று. ஒன்று ஃபைல் எடுக்க, இன்னொன்று சிஸ்டரையோ டாக்டரையோ பார்க்க. ஃபைல் கிடைக்காத அன்று புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார்கள், அதில் பழைய சுகர், பிரஷர் கதை ஒன்றுமே இருக்காது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் "வெள்ளையா நீளமா ஒண்ணு, காலையில பாதி மஞ்சள்" என்பதுதான் பதில். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று இந்த நாட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீரத்தான் வேண்டும், ஆனால் கம்ப்யூட்டர் வாங்குவது இந்த வேலையில் கிட்டத்தட்டக் கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்துக்கொண்ட இடங்களில் பணம்தான் போயிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கவுன்டரில் ஒரு திரை இருப்பதாலேயே அந்த ஆஸ்பத்திரியில் மின்னணுப் பதிவேடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல இடங்களில் அந்தத் திரை பெயரையும் முகவரியையும் பதிய, கட்டணப் பிரிவு பார்க்க, மிஞ்சினால் ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட மட்டுமே. நோய் என்ன, மருந்து என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் இன்னும் காகிதத்தில்தான். இதையெல்லாம் டாக்டரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிந்து, அடுத்த டாக்டர் வேறு ஊரில் இருந்தாலும் திறந்து பார்க்க முடிந்தால்தான் அது உண்மையான பதிவேடு.

நம் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், முதல் காரணம் சுகர். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். நீரிழிவு ஒரு நாள் பார்த்துத் தீர்த்துவிடுகிற நோய் இல்லை, வருஷக்கணக்கில் வரிசையாகப் பார்க்கவேண்டிய நோய். மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டிலிருந்து ஒன்பதரைக்கு ஏறியிருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மெல்ல மெல்ல உயர்கிறதா, கண்ணை கடைசியாக எப்போது பார்த்தார்கள், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை ஒரு கோடாக இழுத்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்க்கிற டாக்டருக்கு அது "கொஞ்சம் கூடுதல்" என்றுதான் தோன்றும். காகித ஃபைலில் அந்தக் கோடு நாற்பது பக்கத்தில் சிதறிக்கிடக்கிறது, ஃபைல் தொலைந்துவிட்டால் கோடே இல்லை.

இன்னொரு உதாரணம் இந்த நாட்டுக்கே உரியது. எச்.ஐ.வி.க்கு 2019-லிருந்து இங்கே முதல் வரிசை மருந்தாக டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்து, ஆனால் சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினின் அளவை அது உடம்பில் உயர்த்திவிடும். அதனால் இரண்டையும் சாப்பிடுபவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கூடவே காசநோய் வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் கதை தலைகீழ், இப்போது டோலுடெக்ராவிரின் அளவு குறைந்துவிடும், அதைக் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கவேண்டும். சரி, இது எல்லாம் சிகிச்சைக் கையேட்டில் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சையை எங்கோ ஒரு கிளினிக்கில் யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டு, சுகருக்கு மட்டும் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போகிறவர் எத்தனை பேர்? அந்த டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேச்சே வராது. இரண்டு மருந்துப் பட்டியலும் ஒரே இடத்தில் சேராதவரை கையேடு அவருக்கு உதவாது. ஆறு டாக்டர் நினைவில் வைத்திருக்க முடியாததை ஒரு எளிய எச்சரிக்கைப் பெட்டி சொல்லிவிடும் என்பது பதிவேட்டின் மிகப்பெரிய நன்மை, மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

காகிதத்தையும் குறைத்துப் பேசக்கூடாது. மின்சாரம் போனாலும் காகிதம் வேலை செய்யும், பாஸ்வேர்டு கேட்காது, டாக்டர் வயிற்றின் படம் போட்டு வலி எங்கே என்று ஒரு பெருக்கல் குறி இடலாம். இந்த நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகம் தடுப்பூசி, எடை, வளர்ச்சி எல்லாவற்றையும் தாயின் கைப்பையிலேயே வைத்திருக்கிறது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அது கூடவே வரும். பல கோடி செலவழித்த மென்பொருள்கள் செய்யமுடியாத வேலையை அந்தச் சின்னப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறது. நனைந்தால்தான் தொலைந்தது. 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி வந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. வீடு போனால் அதிலிருந்த கார்டும் காகிதமும் போனதுதான்.

இனி இந்த நாடு செய்துபார்த்தவை. சுவாரசியம் இங்கேதான், ஏனென்றால் வெற்றி, தோல்வி இரண்டும் ஒரே நாட்டுக்குள் இருக்கிறது.

தோல்வியை முதலில் சொல்கிறேன். 1990-களின் கடைசியில் இன்றைய லிம்போபோ மாகாணத்தில் 42 ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே பெரிய கணினி அமைப்பைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஏழை மாகாணம், பெரும்பாலும் கிராமம். அமைப்பு அடிக்கடி நின்றுபோனது, வேலை செய்தபோது மெதுவாகச் செய்தது, ஊழியர்களுக்கு இது யாருக்காக, எதற்காக என்றே புரியவில்லை. கடைசியில் கைவிடவேண்டியதாயிற்று. எங்கே தப்பு நடந்தது என்று ஆராய்ந்த கட்டுரை 2003-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது, அது காட்டிய காரணங்களில் தொழில்நுட்பத்தைவிட மனிதர்கள் சம்பந்தப்பட்டவைதான் அதிகம். பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை: இங்கிலாந்து 2002-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தை ஆயிரம் கோடி பவுன் அளவில் செலவு போனபின் 2011-ல் கலைத்தார்கள்.

அடுத்தது டர்பனிலேயே, கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய ஆஸ்பத்திரி. 2002-ல் திறந்தது, 846 படுக்கை, அரசும் தனியாரும் சேர்ந்த ஒப்பந்தத்தில் கட்டி, ஆரம்பத்திலிருந்தே காகிதமில்லாத ஆஸ்பத்திரியாக நடத்தினார்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு எல்லாம் திரையில். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முன்னோடி என்று பெருமையாகச் சொன்னார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அங்கே யாரும் நேராகப் போய் நிற்க முடியாது, வேறு ஆஸ்பத்திரி அனுப்பினால்தான் அனுமதி. அப்படி அனுப்புகிற ஆஸ்பத்திரிகளோ காகிதத்தில் ஓடியவை. கடிதம் காகிதத்தில் உள்ளே போனது, நோயாளி குணமாகி வெளியே வந்தபோது சுருக்கம் மறுபடி காகிதத்தில் வந்தது. இதயத்துக்கு அங்கே என்னென்ன செய்தார்கள் என்ற முழு விவரமும் அந்தச் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அருமையான பதிவேடு, ஆனால் ஒரு தீவு.

மூன்றாவதாக மேற்குக் கேப் மாகாணம். அவர்கள் காகிதத்தை ஒழிக்கவில்லை, இன்றைக்கும் அங்கே ஃபைல் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் முதலில் செய்தது ஒன்றே ஒன்று: மாகாணத்தின் எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் சேர்த்து ஒரு நோயாளிக்கு ஒரே எண். அந்த எண் ஊன்றியபிறகு ஆய்வக முடிவு, மருந்தகத்தில் வாங்கிய மருந்து, காசநோய்ப் பதிவு, எச்.ஐ.வி. பதிவு என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த அமைப்புகளை அதன் கீழ் கோர்த்தார்கள். எந்த அமைப்பையும் தூக்கி எறியவில்லை. அதன் பலன் 2020-ல் தெரிந்தது. கோவிட் வந்த சில மாதத்திலேயே, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சாவு அபாயம் எவ்வளவு கூடுகிறது, சுகர் உள்ளவர்களுக்கு எவ்வளவு கூடுகிறது என்று லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவிலிருந்து கணக்கிட்டு வெளியிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: கோவிட் உறுதியான சுகர் நோயாளிகளை அந்தப் பதிவிலிருந்தே பட்டியலெடுத்து, டாக்டர்கள் வீட்டுக்குப் போன் செய்து, மோசமாகிறவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அதே நேரத்தில் நம் ஆட்களுக்கு அப்படி யாராவது போன் செய்ய முடிந்திருக்குமா? பட்டியல் எங்கிருந்து எடுப்பது?

ஆக, எண்தான் அஸ்திவாரம். தேசிய அளவிலும் இது புரிந்துதான் சுகாதாரத் துறையும் அறிவியல், தொழில் ஆய்வு மன்றமும் சேர்ந்து ஒரு நோயாளிப் பதிவு அமைப்பை உருவாக்கின. 3,000-க்கும் மேற்பட்ட அரசு கிளினிக்குகளில் அது இருக்கிறது. 13 இலக்க அடையாள எண்ணை வைத்து ஆளைப் பதிகிறார்கள்.

இங்கே நம் பெயர்க் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1860-லிருந்து 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தான் வெள்ளைக்காரன். அந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் இன்றைக்கும் பலர் பூட்டனின் கிராமத்தைத் தேடிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள். பெயர்களை மட்டும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், ஒரே முனுசாமி மூன்று கிளையில் மூன்று எழுத்துக்கூட்டலோடு இருக்கிறார். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கிளார்க் "எஸ். கோவெண்டர்" என்று தட்டினால் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற அமைப்பில் ஒன்று ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல் உண்டாகும், அல்லது இரண்டு ஆட்களின் விவரம் ஒரே ஃபைலில் கலந்துவிடும். இரண்டாவதுதான் பயங்கரம், வேறு ஒருவரின் ரத்த வகையோ ஒவ்வாமையோ உங்கள் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், அதனால் தட்டும்போது ஒரு இலக்கம் தவறினால் கணினி பிடித்துவிடும். பெயருக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

ஆனால் எண் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்: பிறப்பைப் பதிவதற்கு முந்தைய சிசு, காகிதம் இல்லாத அயல்நாட்டவர், மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவர். இவர்களுக்கும் இடம் வைக்காத அமைப்பு அவசரப் பிரிவில் முதல் நாளே திணறும். இன்னொன்றும் உண்டு, நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்த அடையாள எண்ணிலேயே இனக் குறியீடும் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, அரசாங்கம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கட்டுகிறது என்றால் கொஞ்சம் முகத்தைச் சுளிக்கத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த தொல்லை கரண்டும் நெட்வொர்க்கும். 2022, 2023-ல் ஆறாம் கட்ட லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, நடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கும், சின்ன கிளினிக்கில் பல நேரம் இருக்காது. கிளினிக்கில் இருந்தாலும் மொபைல் டவரின் பேட்டரி தீர்ந்துபோனால், அல்லது செம்புக் கம்பியை யாராவது வெட்டிக்கொண்டு போனால், "சிஸ்டம் ஆஃப்லைன்" என்ற நம் நாட்டின் புகழ்பெற்ற வாக்கியம்தான் மிஞ்சும். அதனால் இங்கே எழுதப்படும் எந்த மென்பொருளும் இணைப்பு இல்லாமலேயே வேலை செய்து, இணைப்பு வந்ததும் தானாக அனுப்புவதாக இருக்கவேண்டும். இதை ஒப்பந்தம் போடும்போதே கேட்காவிட்டால் அப்புறம் கேட்டுப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை 2024 ஜூன் மாதம் காட்டியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பரிசோதனை செய்யும் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையை, மக்கள்தொகையில் சுமார் 80 சதவீதத்துக்கு அதுதான் ஆய்வகம், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் கும்பல் ஒன்று ஊடுருவியது. மாற்றுப் பிரதி வைத்திருந்த சர்வர் உட்பட அமைப்பின் சில பகுதிகளை அழித்துவிட்டார்கள். ஆய்வகக் கருவிகள் ஓடின, ரத்தத்தைப் பரிசோதிக்க முடிந்தது, ஆனால் முடிவை டாக்டரின் திரைக்கு அனுப்ப வழியில்லை. அவசர முடிவுகளைப் போனில் சொன்னார்கள், மற்றவை வாரக்கணக்கில் தேங்கின. மாற்றுப் பிரதியை அதே வலையில் வைத்தால் அது பிரதியே இல்லை என்ற பாடத்தை நாடு முழுக்கக் கற்றுக்கொண்டது. கூடவே இன்னொன்றும்: எல்லா ஆஸ்பத்திரியிலும், திரை இருண்டுபோனால் காகிதத்தில் எப்படி வேலை செய்வது என்ற ஒத்திகை இருக்கவேண்டும். காகிதத்தையே பார்க்காத இளம் டாக்டர்கள் வந்தபிறகு அது இன்னும் கஷ்டம்.

ஊழியர்களின் பாடு பற்றி அதிகம் பேசுவதில்லை, அங்கேதான் பல திட்டங்கள் உயிரை விடுகின்றன. எச்.ஐ.வி., காசநோய் சிகிச்சைக்கு நாடு முழுக்க ஓடும் டியர்.நெட் என்ற அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது, நல்ல அமைப்பு. ஆனால் பெரும்பாலான இடங்களில் சிஸ்டர் காகிதத்தில் எழுதுவார், பிறகு பதிவாளர் ஒருவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மேலதிகாரிக்கு அறிக்கை கிடைத்துவிடும், சிஸ்டருக்கு என்ன கிடைத்தது? வேலை கூடியதுதான் மிச்சம். எழுதுகிறவருக்கு உடனே திருப்பி எதுவும் தராத பதிவேட்டில் யாரும் அக்கறையோடு எழுதமாட்டார்கள். நேரடியாக டாக்டரையே தட்டச்சு செய்யச் சொன்னால் வேறு சிக்கல்: 2016-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், டாக்டர்கள் நோயாளியோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் கணினிக்கும் மேசை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று கண்டார்கள். ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்கும் டாக்டருக்கு அது நடக்கிற காரியமா? அதனால்தான் எல்லாவற்றையும் ஏற்ற ஆசைப்படாமல், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, ஆய்வக முடிவு, நோய்ப் பட்டியல் என்ற நாலை மட்டும் முதலில் ஏற்றுங்கள் என்று சொல்வேன். ஆய்வக முடிவு ஏற்கெனவே கணினியில் பிறக்கிறது, யாரும் தட்டவேண்டியதில்லை.

அப்புறம் ரகசியம். நம் ஊர் மாதிரி இடத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் அத்தையின் சம்பந்தியாக இருப்பார். "அவ எதுக்கு அந்த மாடிக்குப் போனா?" என்ற கேள்வி கோயில் வாசல் வரை வந்துவிடும். கணினி வந்தால் ரகசியம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், காகித ஃபைலை யார் எடுத்துப் புரட்டினார்கள் என்று ஒருநாளும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்ல மின்னணுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறை திறந்ததும் யார், எப்போது என்று பதிவாகும். எஸ்தோனியாவில் தன் பதிவேட்டை யார் பார்த்தார்கள் என்று குடிமகனே வீட்டிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஒரு வார்டு முழுவதும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால், அதைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்தால், இந்தக் காவல் எல்லாம் வீண். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது: போப்பியா என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் உள்ளது, உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது, ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் போடலாம்.

தனியார் பக்கம் வேறு உலகம். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் நாட்டில் ஆறில் ஒருவர்கூட இல்லை, ஆனால் அங்கே கணினி நிறையவே இருக்கிறது, முக்கியமாகப் பில் போடுவதற்கு. பலர் இரண்டு உலகத்திலும் கால் வைத்திருக்கிறார்கள்: வருஷ ஆரம்பத்தில் தனியார் டாக்டர், காப்பீட்டுத் தொகை ஆகஸ்டில் தீர்ந்ததும் அரசு ஆஸ்பத்திரி. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 2024 மே மாதம் கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் கைரேகை, புகைப்படத்தோடு எல்லோரையும் பதியச் சொல்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. சட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணில் சேர்க்கும் வேலை அந்த வழக்குகளின் தீர்ப்புக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அம்மா, அப்பாவின் ஸ்கிரிப்ட்டை, அதாவது மருந்துச் சீட்டை, ஒவ்வொரு முறையும் போனில் படமெடுத்து வையுங்கள், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரிகிறமாதிரி. ஆய்வக முடிவின் பிரதியைக் கேளுங்கள், கேட்பது உரிமை. தர மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். கவுன்டரில் பெயரை மட்டும் சொல்லாமல் அடையாள அட்டையை நீட்டி, திரையில் இருக்கும் எண்ணையும் பிறந்த தேதியையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பழைய ஃபைல் தேடினால் கிடைக்குமா என்று கேட்பதும் நல்லது: மருத்துவத் தொழில் மன்றத்தின் விதிப்படி கடைசியாகச் சிகிச்சை பெற்ற நாளிலிருந்து குறைந்தது ஆறு வருஷம், சிறுவர்கள் என்றால் 21 வயது ஆகும்வரை வைத்திருக்கவேண்டும், அதன்பிறகு அழித்துவிடலாம்.